நீலத் துணுக்கு: ரத்தக்குழாய்க் கருவியின் பூச்சு உரிந்து மூளைக்குப் போன நிகழ்வு

மூன்று நோயாளிகள். மூவருக்கும் மண்டையோட்டுக்குள் நுழைந்து மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் உட்கழுத்துத் தமனியில், சுவர் மெலிந்து குமிழ் போலப் புடைத்திருந்தது. அனூரிசம் என்று சொல்வோமே, அதுதான். மண்டையைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாகவே போய், குமிழின் வாயை அடைத்தாற்போல் ஒரு நெய்த உலோகக் குழாயைத் தமனிக்குள் விரித்து வைத்தார்கள். வேலை முடிந்தது. ஆனால் பிறகு மூவருக்குமே, சிகிச்சை நடந்த அதே பக்கத்து மூளைத் திசுவுக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டது. மூவரும் பிழைக்கவில்லை.

இதைப் பற்றிய திசு ஆய்வு 2014இல் ஜர்னல் ஆஃப் நியூரோசர்ஜரி இதழில் வந்தது. அமெரிக்க மருத்துவர்கள் எழுதியது. நோய்க்கூறியல் துறையில் வேலை செய்யும் எனக்கு, படித்துப் பல வருடம் ஆன பிறகும் மனத்தை விட்டு அகலாத கட்டுரைகளில் இதுவும் ஒன்று. அந்த மூன்று மரணங்களுக்கும் ஏற்கெனவே ஒரு விளக்கம் தயாராக இருந்தது. ஸ்லைடை வைத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த விளக்கமே நிலைத்திருக்கும்.

அந்த விளக்கம் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இப்படி நெய்த குழாய்க்கு ஃப்ளோ டைவர்ட்டர் என்று பெயர். ரத்தம் குமிழுக்குள் புகுந்து சுழல்வதைக் குறைத்து, நேராகத் தமனி வழியே திருப்பிவிடும். நாளடைவில் குமிழுக்குள் ரத்தம் உறைந்து அது அடைபட்டுவிடும். அமெரிக்காவில் 2011 ஏப்ரலில் இந்த வகைக் கருவிக்கு முதல் அனுமதி கிடைத்தது. உள்ளே வைத்த உலோகத்தின் மேல் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், கிளோபிடோகிரெல் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஆகவே பிறகு மூளையில் ரத்தம் கசிந்தால், 'இரண்டு மாத்திரையும் சேர்ந்து ரத்தத்தை நீர்க்கச் செய்துவிட்டன' என்று சொல்லிவிடலாம். அல்லது, 'குமிழ் வாங்கிக்கொண்டிருந்த அழுத்தம் திடீரென்று மேலே உள்ள கிளைகளுக்குப் போய்விட்டது' என்று சொல்லலாம். இரண்டுமே அபத்தமான வாதங்கள் அல்ல. இன்றைக்கும் அவை முழுமையாக விலக்கப்படவில்லை.

ஆனால் கசிவு குமிழில் இல்லை. குமிழைத் தாண்டி, அந்தத் தமனியின் கிளைகள் போய்ச் சேரும் இடத்தில் இருந்தது. அங்கிருந்து எடுத்த திசுவைச் சாயமேற்றிப் பார்த்தபோது, கசிவு நடந்த பகுதியின் சிறு ரத்தக்குழாய்களுக்குள் ஏதோ ஒரு வேற்றுப்பொருள் அடைத்துக்கொண்டிருந்தது. மூவரின் திசுவிலும்.

ஸ்லைடில் தெரிவது

அந்தப் பொருளைப் பார்த்துப் பழகாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வழக்கமான ஹீமட்டாக்சிலின்-ஈயோசின் சாயத்தில் அது சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும். உருவம் ஒரே மாதிரி இருக்காது. சில இடங்களில் சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக, சில இடங்களில் சுருண்ட நாடாவாக, சில இடங்களில் பொடிப்பொடியான மணல் போல. உயிரணு எதுவும் உள்ளே இருக்காது. பஞ்சிழையோ டால்க் பவுடரோ ரத்தக்குழாய்க்குள் போயிருந்தால், துருவ ஒளியில் பளிச்சென்று மின்னும், இது மின்னாது. கொழுப்புப் படிவு உடைந்து வந்து அடைத்திருந்தால், கொலஸ்ட்ரால் கரைந்துபோன இடத்தில் ஊசி ஊசியாக வெற்றிடம் இருக்கும்; இதில் அப்படி இருக்காது. அவசரத்தில் பார்ப்பவர் கால்சியம் படிந்த துகள் என்றோ பழைய ரத்தக்கட்டியின் மிச்சம் என்றோ எழுதிவிட்டுப் போக எல்லா வாய்ப்பும் உண்டு.

சுற்றிலும் என்ன நடக்கிறது என்பதும் முக்கியம். புதிதாக வந்து சேர்ந்த துணுக்கைச் சுற்றி ரத்தம் உறைந்திருக்கும், வெள்ளணுக்கள் மொய்த்திருக்கும். நாளான துணுக்கைப் பல கருக்கள் கொண்ட ராட்சத உயிரணுக்கள் கட்டிப்பிடித்தது போல் சூழ்ந்திருக்கும். உடலால் கரைக்க முடியாத பொருளை வளைத்துச் சிறைவைக்கும் முயற்சி அது. இன்னும் நாளானால் குழாயின் உட்சுவர் தடித்து வழி குறுகியிருக்கும்.

அந்தக் குழுவினர் இந்தப் பொருளைக் கருவிகளின் மேற்பூச்சோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரத்தக்குழாய்க் கருவிகளில் வழக்கமாகப் பூசும் பாலிவினைல்பைரோலிடோன் என்ற பாலிமரோடு அது பொருந்தியது.

பூச்சு ஏன் இருக்கிறது

பெயர் வாயில் நுழையாவிட்டாலும் இந்தப் பொருள் நம் வீடுகளில் இருப்பதுதான். புண்ணுக்குப் போடும் பழுப்பு மருந்தை, பீட்டாடின் என்று கேட்டு வாங்குவோமே, அதில் அயோடினைப் பிடித்து வைத்திருப்பது இதே பாலிமர்தான். மாத்திரை உதிராமல் இறுக்கிப் பிடிக்கவும் இதைச் சேர்ப்பார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ரத்தம் இழந்த வீரர்களுக்கு, ரத்தநீருக்கு மாற்றாக இதைக் கரைத்து நரம்பில் ஏற்றினார்கள். அதில் பெரிய மூலக்கூறுகள் சிறுநீரில் வெளியேறாமல், விழுங்கணுக்களுக்குள் வருடக்கணக்கில் தங்கிவிடுவது பிறகு தெரியவந்தது. அந்த விழுங்கணுக்களும் ஸ்லைடில் நீலச்சாம்பலாகவே தெரியும். சளிப்பொருள் சுரக்கும் புற்றணுக்களைக் காட்டப் பயன்படும் மியூசிகார்மின் சாயத்தையும் ஏற்கும். அதனால் புற்றணு என்று தவறாக நினைக்கப்படுவதும் உண்டு. ஆக, இந்தப் பொருள் உடலுக்குள் போனால் எளிதில் கரைந்து போகாது என்பது புதிய செய்தி அல்ல. கருவியின் மேல் பூசியது அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பழைய செய்தி கவனத்திலிருந்து நழுவியது.

பூச்சு இல்லாமலும் முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் பட்டதும் இந்தப் பாலிமர் நீரை உறிஞ்சிப் பாசி படிந்த கல் போல வழுக்கத் தொடங்கும். மணிக்கட்டுத் தமனியின் உள்விட்டம் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். அதற்குள் உலர்ந்த பிளாஸ்டிக் குழாயைச் செருகினால் தமனி பயந்து சுருங்குவது போல இறுகிக்கொள்ளும். நோயாளி வலியில் துடிப்பார். குழாயை வெளியே எடுப்பதே பாடாகிவிடும். 2010இல் வெளிவந்த ஒரு ஆய்வில் 790 பேரைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்துப் பார்த்தார்கள். பூச்சுள்ள ஷீத், அதாவது கருவிகள் தமனிக்குள் போக வழிவிடும் உறைக்குழாய், போட்டவர்களில் 19 விழுக்காட்டினருக்குத் தமனி இறுகியது. பூச்சில்லாத ஷீத் போட்டவர்களில் அது ஏறக்குறைய 40. இந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகு, பூச்சே வேண்டாம் என்று எந்த இதய மருத்துவரும் சொல்ல மாட்டார். நானும் சொல்லவில்லை.

மூளை வரை போகும் சிகிச்சையில் உராய்வு இன்னும் அதிகம். தொடையில் ஒரு ஷீத், அதற்குள் ஒரு வழிகாட்டிக் குழாய், அதற்குள் இன்னொரு இடைக்குழாய், அதற்குள் நூல்போன்ற நுண்குழாய், அதற்குள் கம்பி. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இவை, வளைந்து வளைந்து போகும் தமனியில் முன்னும் பின்னும் நகர்கின்றன, முறுக்கப்படுகின்றன. இவற்றில் பலவற்றின் மேல் மிக மெல்லிய பூச்சு இருக்கிறது. உரிந்தால் ரத்த ஓட்டம் அதை எடுத்துக்கொண்டு போகும் திசை ஒன்றுதான். அந்தத் தமனி எந்த இடத்துக்கு ரத்தம் கொடுக்கிறதோ அந்த இடம். அந்த மூவரிலும் கசிவு ஏன் அதே பக்கத்தில், ஏன் குமிழைத் தாண்டி நடந்தது என்ற கேள்விக்கு இது பொருத்தமான பதிலாகத் தோன்றுகிறது.

மணிக்கட்டில் வந்த கட்டி

மூளையில் நடந்ததற்குப் பத்து வருடம் முன்பே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இதே பொருள் தன்னைக் காட்டிக்கொடுத்திருந்தது. மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்துகொண்ட சிலர் இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். ஊசி குத்திய இடம் சிவந்து, வீங்கி, சிலருக்குச் சீழ்க்கட்டி போலத் திரண்டிருந்தது. பார்த்தவுடன் யாருக்கும் தோன்றுவது கிருமித்தொற்றுதான். தமனியின் மேல் சீழ் என்றால் பயப்பட வேண்டிய விஷயம். உடனே ஆன்டிபயாட்டிக் தொடங்குவார்கள், கீறிவிடவும் நினைப்பார்கள். ஆனால் சீழை வளர்த்துப் பார்த்தால் கிருமி எதுவும் முளைக்கவில்லை. 2003இல் இந்த நோயாளிகளைப் பற்றிய அறிக்கை வெளிவந்தது. நீரில் வழுக்கும் பூச்சுள்ள ஷீத் பயன்படுத்தியவர்களுக்கு வந்த, கிருமியில்லாத அழற்சி என்று அதில் சரியாகப் பெயரிட்டிருந்தார்கள். பின்னால் வந்த திசுப் பரிசோதனைகளில் அதே ராட்சத உயிரணுக்கள், அதே நீலத் துணுக்கு.

இந்தக் கட்டிகள் பெரும்பாலும் தாமாக அடங்கிவிடும். உயிருக்கு ஆபத்து வருவது அரிது. ஆனாலும் இதை இங்கே விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மணிக்கட்டில் ஷீத்திலிருந்து ஒரு துணுக்கு தோலடியில் தங்கினால் அது கட்டியாகத் திரண்டு, நோயாளியே விரலால் தொட்டுக் காட்டுகிறார். அதே துணுக்கு ரத்த ஓட்டத்தோடு போயிருந்தால் யார் காட்டுவார்கள்?

நுரையீரலில் அது போய்த் தங்கியதை 2015இல் வெளிவந்த ஓர் அமெரிக்கப் பிணக்கூறாய்வுத் தொகுப்பு காட்டியது. ஒரே மருத்துவமனையில் நடந்த 136 பிணக்கூறாய்வுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்ததில், 13 விழுக்காட்டினரின் நுரையீரல் ரத்தக்குழாய்களில் இந்தப் பாலிமர் இருந்தது. அத்தனை பேரும் அதனால்தான் இறந்தார்கள் என்று இதற்குப் பொருள் அல்ல. மருத்துவமனையில் இறப்பவர்கள் கடைசி நாட்களில் பல குழாய்கள் ஏற்றப்பட்டவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் 'மிக அரிது' என்று சொல்லிக் கடந்துபோக அந்த எண் இடம் கொடுக்கவில்லை.

காலில் போய் அடைத்தால் தோலில் வலை போன்ற ஊதாக் கோடுகள் வரும், விரல் கறுக்கும். இதயத் தமனிச் சிகிச்சைக்குப் பிறகு இப்படி வந்தால் கொலஸ்ட்ரால் துகள் அடைப்பு என்று முடிவு கட்டுவதுதான் வழக்கம். பயாப்ஸி, அதாவது சிறு திசுத்துண்டை எடுத்துச் சோதித்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

நம் ஊரில் வேறு பெயர் கிடைக்கும் அபாயம்

மூளைக்குப் போன துணுக்கு எல்லா நேரமும் ரத்தக்கசிவாக வருவதில்லை. அனூரிசத்துக்குக் குழாய்வழிச் சிகிச்சை செய்துகொண்டு நன்றாக வீட்டுக்குப் போனவர், வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்துத் தலைவலியோடும் வலிப்போடும் கைகால் பலவீனத்தோடும் வருவதுண்டு. எம்.ஆர்.ஐ. எடுத்தால், சிகிச்சை நடந்த தமனியின் எல்லைக்குள் மட்டும், சாயம் ஏற்று ஒளிரும் சிறு சிறு புள்ளிகள்; அவற்றைச் சுற்றி நீர்க்கோப்பு. ரத்த ஓட்டம் தடைப்பட்டதால் வரும் பக்கவாதம் போல இது இருக்காது. துணுக்கைச் சுற்றி உடல் நடத்தும் நீண்ட அழற்சி இது என்று திசு எடுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஸ்டீராய்டு கொடுத்தால் பலருக்கு அடங்குகிறது. சிலருக்கு அளவைக் குறைக்கும்போது மறுபடி கிளம்புகிறது. அவர்களுக்கு நோய் எதிர்ப்பை மட்டுப்படுத்தும் வேறு மருந்துகளும் தேவைப்படுகின்றன.

எனக்குக் கவலை தருவது இதுதான். நம் நாட்டில் வலிப்போடு வந்த ஒருவரின் எம்.ஆர்.ஐ.யில் ஒளிரும் புள்ளிகளும் நீர்க்கோப்பும் தெரிந்தால், முதலில் நினைவுக்கு வருவது மூளைக் காசநோய்க் கட்டி, அடுத்தது நாடாப்புழுவின் இளம்புழு தங்கிய நீர்க்கட்டி. அப்படி நினைப்பதில் தவறில்லை, அவைதான் இங்கே அதிகம். ஆனால் ஆறு மாதம் முன்பு மூளைத் தமனிக்குள் குழாய் விட்டார்கள் என்பது அந்த நேரத்தில் எடுத்திருக்கும் கேஸ் ஷீட்டில் இல்லாமல் போனால், காசநோய் மாத்திரையும் கூடவே ஸ்டீராய்டும் தொடங்கிவிடுவார்கள். ஸ்டீராய்டால் நோயாளி தேறுவார். தேறியது காசநோய் மருந்தால் என்று எழுதப்படும். புள்ளிகள் ஒரே தமனியின் பரப்புக்குள் மட்டும் இருக்கின்றனவா, மறுபக்க மூளை சுத்தமாக இருக்கிறதா என்று ஒரு கணம் பார்த்தாலே சந்தேகம் எழும். காசநோயும் நாடாப்புழுவும் தமனியின் எல்லையை மதிப்பதில்லை.

காரணமா, கூட இருந்ததா

அந்த மூன்று மரணங்களுக்குத் திரும்புகிறேன். துணுக்கு அங்கே இருந்தது உறுதி. அதுதான் கசிவை உண்டாக்கியதா? அடைபட்ட சிறு குழாய்க்கு அப்பால் உள்ள திசு செத்து, அந்தச் செத்த இடத்தில், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தம் கசிவது நடக்கக்கூடியதே. துணுக்கைச் சுற்றி எழும் அழற்சி குழாய்ச் சுவரை அரித்திருக்கலாம் என்பதும் ஏற்கத்தக்கது. ஆனால் இத்தகைய சிகிச்சை பெற்று எந்தச் சிக்கலும் இல்லாமல் நடமாடுகிறவர்களின் மூளையை வெட்டிப் பார்க்க முடியாது. அவர்களுக்குள்ளும் துணுக்கு இருக்கலாம். மூன்று பேரின் திசுவை வைத்து இவ்வளவுதான் சொல்ல முடியும். என் கணிப்பைக் கேட்டால், மாத்திரையும் துணுக்கும் சேர்ந்தே அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும் என்பேன். மாத்திரையை மட்டும் குற்றம் சொன்னால், இடம் ஏன் அப்படி அமைந்தது என்பதற்குப் பதில் கிடைப்பதில்லை.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015 நவம்பரில் பாதுகாப்பு அறிவிப்பு ஒன்றை வெளியிட்டது. 2014 தொடக்கத்திலிருந்து மட்டும் கம்பி, கதீட்டர் எனும் குழாய், ஷீத் போன்றவற்றின் பூச்சு பிரிந்ததாகச் சுமார் 500 புகார்கள் வந்திருப்பதாகவும், 2010 முதல் இதே காரணத்துக்காக 11 முறை கருவிகள் திரும்பப் பெறப்பட்டதாகவும் அதில் இருந்தது. கருவிகளின் நன்மை ஒட்டுமொத்தத்தில் ஆபத்தைவிட அதிகம் என்பதையும் அந்த அறிவிப்பே சொன்னது. 2019இல், கருவியின் உறையிலும் குறிப்பேட்டிலும் பூச்சு பற்றி என்னென்ன எழுத வேண்டும் என்று வழிகாட்டி நெறி வந்தது. கருவியின் எந்தப் பகுதி வரை பூச்சு இருக்கிறது, எதை வைத்துத் துடைக்கக் கூடாது போன்றவை அதில் அடங்கும்.

துடைப்பது அற்ப விஷயம் போலத் தெரியும். ரத்தக்குழாய்க்குள் கருவி விட்டுச் சிகிச்சை செய்யும் அறையில், அதாவது கேத் லேப்பில், நின்று பார்த்தால் அப்படி இல்லை. கம்பியை வெளியே இழுத்ததும் மேலே ஒட்டிய ரத்தத்தை உலர்ந்த காஸ் துணியால் ஒரே இழுப்பில் துடைப்பது கைப்பழக்கம். பூச்சு நனைந்திருக்கும்போது மிருதுவாக ஊறியிருக்கும். உலர் துணி அதை உரித்துவிடும். ஆல்கஹாலில் துடைத்தாலும் கெடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து கலந்த உப்புநீரில் நனைத்த துணிதான் சரி. இதைவிட மோசமானது, பூச்சுள்ள கம்பியை இரும்பு ஊசிக்குள் விட்டுப் பின்னால் இழுப்பது. ஊசியின் சாய்வான முனை, தேங்காய்த் துருவி போலப் பூச்சைச் சீவி எடுத்துவிடும். குறுகிய ஷீத்துக்குள் பெரிய குழாயை வம்பாகத் தள்ளுவது, கம்பி சிக்கிக்கொண்டது தெரிந்தும் முறுக்குவது, சொன்ன நேரத்துக்கு மேல் திரவத்தில் ஊறவிடுவது எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். ஒருமுறை மட்டும் பயன்படுத்த என்று அச்சிட்டிருக்கும் கருவியைக் கழுவி, மறுபடி கிருமிநீக்கி எடுத்து வைக்கும் வழக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. கிருமி போய்விடலாம். பூச்சு முதல் நாள் இருந்தது போல இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஏழை நோயாளியின் செலவைக் குறைக்கவே அப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே இதை வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் கருவிகளால் வரும் பாதிப்புகளைத் தெரிவிக்க 2015 ஜூலை முதல் மெட்டீரியோவிஜிலன்ஸ் என்ற தேசியத் திட்டம் இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துத்தர ஆணையம் அதை ஒருங்கிணைக்கிறது. மருத்துவர் மட்டுமல்ல, செவிலியரும் கேத் லேப் டெக்னீஷியனும்கூடத் தகவல் தரலாம். ஆனால் தகவல் தர, முதலில் பூச்சு உரிந்தது என்று யாருக்காவது தெரிய வேண்டும். அதற்குக் கம்பியை வெளியே எடுத்ததும் விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சொரசொரப்பாகவோ தோலுரிந்தாற்போலவோ இருந்தால் குப்பையில் போடாமல் எடுத்து வைக்க வேண்டும். எங்களுக்கு வரும் திசுவோடு அந்தக் கம்பியும் வந்தால், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொருள் கையில் இருக்கும். அகச்சிவப்பு நிறமாலைச் சோதனையில் இரண்டும் ஒன்றுதானா என்று சொல்லவும் முடியும்.

எங்களிடம் வரும் பயாப்ஸி படிவத்தில் வயது, பால், நோய் அறிகுறி, எந்த இடத்துத் திசு என்பதெல்லாம் இருக்கும். கறுத்த கால்விரலின் தோல், மூளையில் எடுத்த சிறு துண்டு, மணிக்கட்டுக் கட்டி, எதுவானாலும் அதே படிவம்தான். கடந்த ஓராண்டில் இவருக்கு எந்த ரத்தக்குழாய்க்குள்ளாவது குழாய் விடப்பட்டதா, எப்போது, எந்தெந்தக் கருவிகள் என்று கேட்கும் வரி அதில் இல்லை. நான் ஃபோன் செய்து கேட்கிறேன்.